ஈயப் படை, பிளாஸ்டிக் படை

பொம்மைச் சிப்பாய்களைச் சேகரிப்பதைப் பெரியவர்களின் பால்யப் பித்து என்று ஒதுக்கிவிடுவது சுலபம். எந்தப் படை பொம்மையாயிற்று, எது ஆகவில்லை என்று கேட்கத் தொடங்கினால் விஷயம் அவ்வளவு விளையாட்டாக இல்லை. பதில் போர்க்களத்தில் கிடைக்காது. அது அச்சின் விலையில் இருக்கிறது.

1893-ல் லண்டனில் வில்லியம் பிரிட்டன் கம்பெனி ஓர் உபாயம் கண்டது. உருக்கிய ஈயக் கலவையை அச்சில் ஊற்றி, ஓரங்களில் தோல்போல் உறைந்ததும் நடுவில் உறையாதிருப்பதைக் கவிழ்த்துவிடுவது. சிப்பாய் வெறும் கூடு. எடையும் குறைவு, விலையும் குறைவு. அதுவரை சந்தையை ஆண்ட ஜெர்மானியக் கெட்டிப் பொம்மைகள் பின்வாங்கின. 54 மில்லிமீட்டர் உயரத்தில் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் ரெஜிமெண்டுகள் ஒவ்வொன்றாகப் பெட்டிகளில் வந்தன. அந்தப் பத்தாண்டிலேயே மெட்ராஸ் காலாட்படைக்கும் ஒரு பெட்டி கிடைத்தது. நம் சிப்பாயை அந்த வீடுகளின் தரைவிரிப்புக்குக் கொண்டுபோனது அவனுடைய வீரமல்ல. சாம்ராஜ்யத்தின் சீருடை வரிசையில் அவனுடையதும் ஒரு நிறம், அவ்வளவுதான்.

இந்தப் பொம்மைகளையும், ஸ்பிரிங்கால் சுடும் பொம்மைப் பீரங்கியையும் வைத்து எச். ஜி. வெல்ஸ் 1913-ல் ‘லிட்டில் வார்ஸ்’ என்ற விதிப் புத்தகம் எழுதினார். பொம்மைச் சண்டையை மூன்று நான்கு முறை ஆடிப் பார்த்தவனுக்கு நிஜப் போரின் மடத்தனம் விளங்கிவிடும் என்பது அவர் கட்சி. அடுத்த ஆகஸ்டில் நிஜப் போர் வந்தது. ஆடியவர்களுக்கு விளங்கியதாகத் தெரியவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிளாஸ்டிக் வந்தது. அதன் பொருளாதாரமே வேறு. உருக்கு அச்சைக் கடைந்தெடுக்கப் பெரும் பணம் வேண்டும். அதன் பிறகு ஒவ்வொரு சிப்பாய்க்கும் ஆகும் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. அமெரிக்கக் காமிக்ஸ்களின் பின்னட்டைகளில் ஒரு டாலர் சொச்சத்துக்கு நூறு சிப்பாய்கள் என்று விளம்பரம் செய்தார்கள். தபாலில் வந்தவை தட்டையாக இருந்தன. இங்கிலாந்தில் ஏர்ஃபிக்ஸ் 1959 முதல் விரல் நீளம்கூட இல்லாத சிப்பாய்களை நாற்பது ஐம்பதாகப் பெட்டியில் போட்டுச் சில்லறைக் காசுக்கு விற்றது. பாலிஎதிலீன் என்பதால் துப்பாக்கி வளையும். பெயிண்ட் பூசினால் உரியும். அறுபதுகளின் தொடக்கத்தில் ஒட்டிச் சேர்க்கும் ஷெர்மன், பாந்தர் டாங்கிகளும் வந்தன. 1966-ல் பிரிட்டன் கம்பெனி ஈயச் சிப்பாய்களை நிறுத்தியது. வசதியான வீட்டுப் பையனின் படை தொழிலாளி வீட்டுப் பையனுக்கும் கிடைத்தது. இது சின்ன விஷயமல்ல.

ஆனால் விலையுயர்ந்த அச்சு லட்சக்கணக்கில் விற்றாக வேண்டும். விற்குமென்று நிச்சயமானது எது? சினிமாவும் காமிக்ஸும் ஏற்கனவே பழக்கிவைத்தது. எட்டாம் சேனை, ரோம்மலின் ஆப்பிரிக்கப் படை, அமெரிக்க மரீன், ஜப்பானியக் காலாள். அந்த எட்டாம் சேனையின் பாலைவனப் போரில் நான்காவது இந்திய டிவிஷனும் இருந்தது. போர் முடிவதற்குள் இந்திய ராணுவம் கட்டாய ஆள்சேர்ப்பு இல்லாமலே சுமார் 25 லட்சம் பேராகப் பெருகியிருந்தது. ஏர்ஃபிக்ஸின் எட்டாம் சேனைப் பெட்டியில் அரைக்கால் சட்டையும் இரும்புத் தொப்பியும் மட்டுமே. இதில் துவேஷம் எதுவுமில்லை, கணக்கு மட்டும்தான். ஈயத்தில் அலங்காரமாகவாவது நின்றவன் இந்தப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் நுழையவில்லை.

பின்னால் ரெஸின் வந்தது. சிலிகோன் ரப்பரில் அச்சு, இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றினால் வார்ப்பு; ஒரு அறையும் ஒரு ஆளும் போதும். சில டஜன் வார்ப்புகளில் அச்சு கிழிந்துவிடும். உருப்படி விலை அதிகம்தான், ஆனால் ஐம்பது பேர் வாங்கினால் நஷ்டமில்லை. சிறுபத்திரிகைக்காரனுக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை. தொழிற்சாலை தொடாத லாரிகளும் மறந்துபோன ரெஜிமெண்டுகளும் இப்படித்தான் உருவம் பெற்றன.

ஆயினும் இந்தச் சுதந்திரத்தில் பெரும்பகுதி இன்னொரு ஜெர்மன் டாங்கியின் இன்னொரு அபூர்வ மாதிரியைச் செய்வதிலேயே செலவாகியிருக்கிறது. உருக்கு அச்சின் நிர்ப்பந்தம் போன பிறகும் அது பழக்கிய ரசனை போகவில்லை. பெரிய பத்திரிகையின் கதையையே முந்நூறு பிரதிகளில் போடுவது போன்றதுதான் இது.

பழைய பாலிஎதிலீன் சிப்பாய்களில் பல இப்போது தொட்டாலே ஒடிகின்றன. சேகரிப்பவர்கள் அவற்றுக்கு ஈடு தேடுகிறார்கள். தேடும்போது, தங்கள் அலமாரிக்கு ஒருபோதும் வராத படைகளையும் ஒரு தாளில் எழுதிவைத்தால், அந்தத் தாள் அலமாரியைவிட நல்ல சரித்திரமாக இருக்கும்.