அறவுரையிலிருந்து ஆவணத்துக்கு: அமெரிக்க ஆக்கிரமிப்புகளை எதிர்த்த விமர்சனத்தின் வளர்ச்சி, 1898–1934

ஒரு நாட்டின் படை இன்னொரு நாட்டின் மண்ணில் நிலைகொண்டு ஆட்சி நடத்தும்போது, அதை எதிர்த்து ஆக்கிரமித்த நாட்டுக்குள்ளேயே எழும் குரலுக்கு அடிப்படையான இடர்ப்பாடு ஒன்று உண்டு. களத்தில் நடப்பதைக் கண்டவர்கள் படையினரும் அப்படைக்கு ஆட்பட்ட மக்களுமே. அங்கிருந்து வரும் செய்தியோ அரசின் தணிக்கையைக் கடந்துதான் வந்தாக வேண்டும். இதனால் அரசின் கொள்கையை மறுக்க முடிந்த எதிர்ப்பாளர்களால் அரசு தரும் விவரங்களை மறுக்க எளிதில் முடியவில்லை. அமெரிக்காவின் போர் எதிர்ப்பாளர்கள் இந்த இடர்ப்பாட்டை எவ்வாறு படிப்படியாகக் கடந்தனர் என்பதைப் பிலிப்பைன்ஸ், ஹெய்ட்டி ஆகிய இரு ஆக்கிரமிப்புகளின் வழியே இக்கட்டுரை ஆராய்கிறது. அரசியல் சட்டத்தையும் அறத்தையும் முன்வைத்துத் தொடங்கிய எதிர்ப்பு, அரசின் கூற்றை அரசின் ஆவணங்களைக் கொண்டே மறுக்கும் முறையாக வளர்ந்தது என்பதும், ஆக்கிரமிக்கப்பட்ட மக்களின் சாட்சியம் சேர்ந்த பின்னரே அம்முறை வலுப்பெற்றது என்பதும் இக்கட்டுரை நிறுவ முற்படும் முடிபுகளாகும்.

இரு வடிவங்களில் ஒரு பிரகடனம்

ஸ்பெயினுடனான போரில் அமெரிக்கக் கடற்படை 1898 மே 1 அன்று மணிலா விரிகுடாவில் வெற்றி பெற்றது. ஸ்பானிய ஆட்சியை எதிர்த்து அதற்கு முன்பே ஆயுதம் ஏந்தியிருந்த பிலிப்பினோக்கள், எமிலியோ அகினால்டோவின் தலைமையில் ஜூன் 12 அன்று தம் நாட்டின் விடுதலையை அறிவித்தனர். ஆயினும் டிசம்பர் 10 அன்று பாரிஸில் கையெழுத்தான உடன்படிக்கை, பிலிப்பினோக்களைக் கலந்துகொள்ளாமலேயே அத்தீவுகளை 2 கோடி டாலர் ஈட்டுக்கு அமெரிக்காவின் கைக்கு மாற்றியது. டிசம்பர் 21 அன்று குடியரசுத் தலைவர் மெக்கின்லி வெளியிட்ட பிரகடனம், அமெரிக்கப் படை பகைவராக அன்றி நண்பராக வந்திருப்பதாகவும், அமெரிக்காவின் நோக்கம் பரிவோடு அம்மக்களைத் தன்னுடன் இணைத்துக்கொள்வதே என்றும் கூறியது. அதே பிரகடனம் தீவுகள் முழுவதன்மீதும் அமெரிக்க இறையாண்மையை, அதாவது ஆளும் முழு உரிமையை, நிலைநாட்டியது.

மணிலாவில் படைத்தலைமை ஏற்றிருந்த ஜெனரல் ஓட்டிஸ், இறையாண்மை குறித்த பகுதிகள் கொந்தளிப்பை உண்டாக்கும் என அஞ்சி, அவற்றை நீக்கியும் மென்மைப்படுத்தியும் திருத்திய வடிவத்தை 1899 ஜனவரி தொடக்கத்தில் வெளியிட்டார். ஆனால் இலோயிலோவில் இருந்த ஜெனரல் மில்லருக்கு மூல வடிவமும் கிடைத்திருந்ததால், அவர் அதை அப்படியே வெளியிட்டுவிட்டார். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த பிலிப்பினோத் தலைவர்கள் நீக்கப்பட்டவை எவை என்பதைக் கண்டுகொண்டனர். அகினால்டோ உடனே எதிர்ப்பறிக்கை வெளியிட்டார். அரசின் இரு பிரதிகளை அருகருகே வைத்து அதன் உள்நோக்கத்தை வெளிக்கொணர்ந்த முதல் விமர்சகர்கள், இவ்வாறு, ஆக்கிரமிக்கப்பட்டவர்களே ஆவர். பிப்ரவரி 4 அன்று மணிலாவின் புறநகரில் சண்டை மூண்டது. இரண்டு நாள் கழித்து அமெரிக்கச் செனட் 57-க்கு 27 என்ற வாக்குக் கணக்கில், தேவைப்பட்ட மூன்றில் இரண்டு பங்கைவிட ஒரே ஒரு வாக்கு கூடுதலாகப் பெற்று, உடன்படிக்கைக்கு ஒப்புதல் அளித்தது.

ஏகாதிபத்திய எதிர்ப்புக் கழகத்தின் முதற்கட்ட வாதங்கள்

1898 நவம்பரில் பாஸ்டனில் தோன்றிய ஏகாதிபத்திய எதிர்ப்புக் கழகம், முன்னாள் நிதியமைச்சர் ஜார்ஜ் பவுட்வெல்லைத் தலைவராகக் கொண்டிருந்தது. எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னெகி, தொழிற்சங்கத் தலைவர் சாமுவேல் காம்பர்ஸ், மெய்யியலாளர் வில்லியம் ஜேம்ஸ், சமூகப் பணியாளர் ஜேன் ஆடம்ஸ் எனப் பிற விவகாரங்களில் ஒத்துப்போகாத பலரையும் அது ஓரணியில் சேர்த்தது. மன்னராட்சியை எதிர்த்துப் பிறந்த குடியரசு, ஆளப்படுவோரின் சம்மதமின்றி வேறொரு மக்களை ஆள்வது தன் பிறப்புக்கே துரோகம் செய்வதாகும் என்பதே அவர்களின் முதன்மை வாதம். இவ்வாதம் அமெரிக்கக் குடியரசின் நலம் குறித்ததாக இருந்ததேயன்றி, பிலிப்பைன்ஸ் கிராமங்களில் நடந்தவற்றைப் பற்றியதாக இல்லை; அதைப் பற்றிப் பேசத் தேவையான செய்தியும் அப்போது அவர்களிடம் இல்லை.

இக்கட்டத்திலும் அரசின் சொல்லைக் கொண்டே அரசை மறுக்கும் போக்கின் தொடக்கத்தைக் காணலாம். கியூபாவை வலுவந்தமாக இணைத்துக்கொள்வது குற்றமான ஆக்கிரமிப்பாகும் என 1897-இல் மெக்கின்லியே கூறியிருந்தார். பாஸ்டன் தொழிலதிபர் எட்வர்டு அட்கின்சன் அந்தத் தொடரையே ஒரு துண்டுப்பிரசுரத்தின் தலைப்பில் வைத்து, 1899-இல் மணிலாவில் இருந்த அதிகாரிகள் சிலருக்கு அஞ்சலில் அனுப்பினார். மணிலாவுக்குச் செல்லும் அஞ்சலிலிருந்து அவற்றை அகற்றும்படி அஞ்சல்துறைத் தலைவர் ஆணையிட்டார். அட்கின்சனைத் துரோகி எனச் சில நாளேடுகள் தூற்றின. விளைவு எதிர்மாறாக அமைந்தது: அப்பிரசுரங்களைக் கேட்டு நாடெங்குமிருந்து கடிதங்கள் வந்து குவிந்தன.

தணிக்கையும் படைவீரர் கடிதங்களும்

மணிலாவிலிருந்து கிளம்பும் தந்திகள் அனைத்தும் ஓட்டிஸின் தணிக்கை அதிகாரியைக் கடந்தே செல்ல வேண்டியிருந்தது. 1899 ஜூலையில் அங்கிருந்த அமெரிக்கச் செய்தியாளர்கள் கூட்டாக ஓர் அறிக்கை எழுதி, தணிக்கையின் கைக்கு எட்டாத ஹாங்காங்குக்குக் கப்பலில் அனுப்பி அங்கிருந்து வெளியிட்டனர். படைத்தலைமை தரும் செய்தி உண்மைக்குப் புறம்பான நம்பிக்கையை ஊட்டுகிறது என்பதும், தாய்நாட்டு மக்கள் கலங்குவார்கள் என்ற காரணத்தைக் காட்டித் தங்கள் செய்திகள் திருத்தப்படுகின்றன என்பதும் அவ்வறிக்கையின் சாரம். மறைக்கப்பட்டவை படையின் நகர்வு போன்ற இராணுவ இரகசியங்கள் அல்ல, அரசியல் விளைவு கொண்ட உண்மைகளே என்பதை இவ்வறிக்கை புலப்படுத்தியது.

தந்திக்கு இருந்த தடை படைவீரர் வீட்டுக்கு எழுதிய கடிதங்களுக்கு அந்த அளவில் இல்லை. ஊர்களை எரித்ததையும் பிடிபட்டவர்களைக் கொன்றதையும் சில வீரர்கள் கூச்சமின்றி எழுதினர். அவை உள்ளூர் நாளிதழ்களில் அச்சாயின. கழகம் அவற்றைத் தொகுத்து 1899-இல் ஒரு துண்டுப்பிரசுரமாக வெளியிட்டது. கடிதங்களை எழுதியவர்களிடம் படைத்துறை விளக்கம் கேட்டபோது சிலர் தாம் எழுதியதை மறுத்தனர். தனிக்கடிதம் மட்டும் சான்றாக நிற்காது, அதிகாரபூர்வமான பதிவும் வேண்டும் என்ற பாடத்தைக் கழகத்தார் இங்குதான் கற்றனர் எனலாம்.

1900 தேர்தலில் மெக்கின்லி மீண்டும் வென்றார். 1901 மார்ச்சில் அகினால்டோ பிடிபட்டார். அதே ஆண்டு பிப்ரவரியில் மார்க் ட்வைன் ‘நார்த் அமெரிக்கன் ரிவ்யூ’ இதழில் எழுதிய நீண்ட கட்டுரை, நாகரிகத்தைக் கொண்டுசெல்வதாகச் சொல்லிக்கொண்டு நாடு பிடிக்கும் வல்லரசுகளின் வேடத்தைக் கலைத்தது. அவர் 1910-இல் இறக்கும்வரை கழகத்தின் துணைத்தலைவர்களுள் ஒருவராக இருந்தார். தீவுகளிலோ 1901 நவம்பரில் இயற்றப்பட்ட அரசநிந்தனைச் சட்டம், போர்நிலை நீடிக்கும்வரை விடுதலையை அமைதியான வழியில் வலியுறுத்துவதைக்கூடக் குற்றமாக்கியது. பாஸ்டனில் பேசக்கூடிய ஒன்றை மணிலாவில் பேசினால் சிறை என்ற நிலை உருவாயிற்று.

1902: ஆவணங்களின் ஆண்டு

1901 செப்டம்பர் 28 அன்று சமார் தீவின் பலாங்கிகாவில் ஊர்மக்களும் கெரில்லாக்களும் திடீரெனத் தாக்கி நாற்பதுக்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்களைக் கொன்றனர். அதற்குப் பழிவாங்கும் படையெடுப்புக்குப் பொறுப்பேற்ற ஜெனரல் ஜேக்கப் ஸ்மித், ஆயுதம் ஏந்தக்கூடிய எவரையும் கொல்லுமாறும், பத்து வயதை அதற்கு எல்லையாகக் கொள்ளுமாறும் வாய்மொழியாக ஆணையிட்டார். இவ்வாணையை வெளியுலகுக்குத் தெரியவைத்தது எதிர்ப்பாளர்களின் பிரசுரம் அன்று. சுமை தூக்கிய பிலிப்பினோக்களைக் கொன்றதாக மேஜர் வாலர்மீது 1902-இல் நடந்த இராணுவ நீதிமன்ற விசாரணையே. வாலர் விடுவிக்கப்பட்டார். அடுத்து விசாரிக்கப்பட்ட ஸ்மித்துக்குக் கண்டனமே தண்டனையாயிற்று. பின்னர், மெக்கின்லியை அடுத்துக் குடியரசுத் தலைவரான ரூஸ்வெல்ட் அவருக்கு ஓய்வளித்தார்.

படாங்காஸ் மாகாணத்தில் ஜெனரல் பெல் 1901 டிசம்பரில் நடைமுறைப்படுத்திய மறுகுவிப்பு முறையும் இதே காலத்தில் தெரியவந்தது. கிராம மக்களைக் குறித்த நாளுக்குள் காவல் எல்லைக்குள் குடியேற்றி, எல்லைக்கு வெளியே எஞ்சும் தானியத்தையும் உடைமையையும் கைப்பற்றவோ அழிக்கவோ செய்வதே இம்முறை. கியூபாவில் ஸ்பானியத் தளபதி வெய்லர் இதையே செய்தபோது அதை அமெரிக்க அரசு மனிதத்தன்மையற்ற செயல் எனக் கண்டித்திருந்தது. அக்கண்டனம் ஸ்பெயினுடனான போருக்கு மக்கள் ஆதரவைத் திரட்டவும் உதவியது. தயாபாஸ் மாகாண ஆளுநராக இருந்த அமெரிக்க அதிகாரி மேஜர் கார்டனர், படையினரின் கொடுமைகளே மக்களைப் பகைவராக்குகின்றன என அரசுக்கே அறிக்கை அனுப்பியிருந்தார். அதுவும் 1902-இல் வெளிவந்தது.

செனட்டர் ஹோரின் வற்புறுத்தலால் செனட்டின் பிலிப்பைன்ஸ் குழு 1902 ஜனவரி இறுதி முதல் ஜூன் வரை விசாரணை நடத்தியது. அங்கு சாட்சியம் அளித்த சார்ஜென்ட் சார்லஸ் ரைலி, 1900 நவம்பரில் பனாய் தீவின் இக்பராஸ் ஊர்த்தலைவரைக் கீழே கிடத்தி, வாயைத் திறந்துவைத்து, வயிறு உப்பும்வரை நீரை ஊற்றி, பின் அழுத்தி வெளியேற்றித் தகவல் கேட்டதைத் தாம் நேரில் கண்டவாறு விவரித்தார். படையினர் இதை ‘நீர் வைத்தியம்’ என வழங்கினர். இச்செயலுக்குப் பொறுப்பான கேப்டன் கிளென்னுக்குக் கிடைத்த தண்டனை ஒரு மாதப் பணியிடைநீக்கமும் 50 டாலர் அபராதமும் மட்டுமே.

போர் மனிதநேயத்தோடு நடத்தப்படுகிறது, குற்றச்சாட்டுகள் மிகைப்படுத்தப்பட்டவை எனப் படைத்துறைச் செயலர் எலிஹு ரூட் குழுவுக்கு எழுதி, கொடுமைக்காக விசாரிக்கப்பட்டவர்களின் பட்டியலையும் இணைத்திருந்தார். வழக்கறிஞர்களான மூர்ஃபீல்டு ஸ்டோரியும் ஜூலியன் காட்மனும் அதே ஆண்டு வெளியிட்ட நூலில், ரூட்டின் கூற்றுகளை ஆணைகளோடும் சாட்சியங்களோடும் தீர்ப்புகளோடும் வரிசையாக ஒப்பிட்டு, குற்றமும் தண்டனையும் எவ்வளவு பொருந்தாதவை என்பதைக் காட்டினர். கொடுமைகள் ஒருசில வீரர்களின் வரம்புமீறல் அல்ல, மேலிருந்து வந்த கொள்கையின் விளைவு என்பதே அவர்களின் முடிவு. நீதிமன்ற வாதத்தின் ஒழுங்கைப் போர் எதிர்ப்புக்குக் கொண்டுவந்த இந்நூல், இவ்வளர்ச்சியின் திருப்புமுனை எனக் கருதத்தக்கது.

முதற்கட்டத்தின் குறைபாடுகள்

அரசு இச்சவாலை எதிர்கொண்ட விதம் எளிமையானது: 1902 ஜூலை 4 அன்று ரூஸ்வெல்ட் போர் முடிந்ததாக அறிவித்தார், பொதுக்கவனம் வேறுபக்கம் திரும்பியது. ஆயினும் தோல்விக்குக் காரணங்கள் விமர்சகர்களிடமும் இருந்தன. செனட்டர் டில்மன் போன்ற தென்மாநிலத்தவர், வெள்ளையரல்லாத மக்கள் நாட்டோடு இணைவதை வெறுத்தே இணைப்பை எதிர்த்தனர். அத்தகையோரின் துணை அறத்தின் பெயரால் பேசியவர்களின் வாதத்தை நலிவித்தது. அதைவிடப் பெரிய குறை, செனட் குழுவின்முன் சாட்சி சொன்னவர்கள் அமெரிக்கர்களாக மட்டுமே இருந்தது. புரட்சியின் சிந்தனையாளர் மபினி அப்போது குவாம் தீவில் நாடுகடத்தப்பட்டிருந்தார். வதைக்கப்பட்டவர்கள் பிறர் விவரிக்கும் பொருளாக நின்றார்களேயன்றிப் பேசுபவர்களாக அழைக்கப்படவில்லை.

ஹெய்ட்டி: சாட்சியம் இடம்பெயர்தல்

1915 ஜூலை 28 அன்று அமெரிக்கக் கடற்படை வீரர்கள் ஹெய்ட்டியில் இறங்கினர். ஒழுங்கை மீட்பதே நோக்கம் என்று கூறப்பட்டது. நாட்டின் நிதியும் காவலும் அவர்கள் கைக்குப் போயின, பத்திரிகைகள் தணிக்கைக்குள்ளாயின. சாலை அமைக்க உழவர்களைக் கூலியின்றிப் பிடித்துச் செல்லும் கட்டாய உழைப்பு பெரும் கிளர்ச்சியைத் தூண்டியது. கிளர்ச்சித் தலைவர் ஷார்லமான் பெரால்ட் 1919-இல் கொல்லப்பட்டபோது, அவரது உடலை ஒரு கதவில் கட்டி நிறுத்தி எடுத்த புகைப்படத்தை மக்களின் மனவுறுதியைக் குலைப்பதற்காகப் படையினர் பரப்பினர். ஹெய்ட்டி மக்களோ அதில் சிலுவையில் அறையப்பட்டவரின் தோற்றத்தைக் கண்டனர். அச்சுறுத்த எடுத்த படம் அவரைத் தியாகியாக்கியது.

கறுப்பின மக்களின் உரிமை அமைப்பான தேசிய வண்ண மக்கள் முன்னேற்றச் சங்கத்துக்கு அப்போது தலைவராக இருந்தவர் அதே மூர்ஃபீல்டு ஸ்டோரி என்பது தற்செயலன்று. இரு கட்டங்களையும் இணைக்கும் நேரடித் தொடர்பு இது. அச்சங்கத்தின் சார்பில் எழுத்தாளர் ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன் 1920-இல் ஹெய்ட்டிக்கே சென்று அந்நாட்டவரிடம் நேரில் விசாரித்து, ‘தி நேஷன்’ இதழில் நான்கு கட்டுரைகள் எழுதினார். ஆக்கிரமிப்பின் பின்னே நியூயார்க்கின் நேஷனல் சிட்டி வங்கியின் நலன் இருந்ததை அவர் விளக்கினார். கண்மூடித்தனமான கொலைகள் நடந்திருப்பதாகக் கடற்படை வீரர்களின் முன்னாள் தளபதி பார்னெட் எழுதிய அலுவல் கடிதமும் அதே ஆண்டு அக்டோபரில் வெளிப்பட்டது. ஜார்ஜ் சில்வேன் முன்னின்று நடத்திய ஹெய்ட்டிய அமைப்பான தேசபக்த ஒன்றியம், 1921-இல் தன் குறைகளை வாஷிங்டனுக்கு முறையீடாக அளித்தது. செனட்டின் விசாரணைக் குழு இம்முறை ஆக்கிரமிக்கப்பட்ட நாட்டுக்கே சென்று அந்நாட்டவரின் சாட்சியத்தைக் கேட்டது. அக்குழு ஆக்கிரமிப்பைத் தொடரவே பரிந்துரைத்தது உண்மை. ஆயினும் மக்கள் எதிர்ப்பு ஓயவில்லை. 1929 டிசம்பரில் லெ கே நகருக்கு அருகே உழவர் கூட்டத்தின்மீது நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பின் கொள்கை மாறத் தொடங்கி, 1934 ஆகஸ்டில் படை வெளியேறியது.

முடிவுரை

இரு ஆக்கிரமிப்புகளிலும் அரசின் பரப்புரை ஒரே வரிசையில் நகர்ந்தது: முதலில் நல்லெண்ணப் பிரகடனம், பிறகு தணிக்கை, அது உடைந்தபின் தவறு சிலருடையது மட்டுமே என்ற விளக்கம், பிலிப்பைன்ஸில் இறுதியாகப் போர் முடிந்துவிட்டது என்ற அறிவிப்பும். விமர்சனம் இவ்வரிசையைப் பின்தொடர்ந்தே தன் கருவிகளைக் கண்டடைந்தது. பிரகடனத்தை முந்தைய சொற்களாலும், தணிக்கையைக் கடிதங்களாலும், சிலரின் தவறு என்ற விளக்கத்தை ஆணைகளாலும் தீர்ப்புகளாலும் அது எதிர்கொண்டது. பிலிப்பைன்ஸில் இக்கருவிகள் அனைத்தும் இருந்தும் அரசின் கொள்கை அசையவில்லை. அந்நாடு 1946 வரை விடுதலைக்குக் காத்திருந்தது. ஹெய்ட்டியில் வேறுபாடாக அமைந்தது, ஆக்கிரமிக்கப்பட்டவர்கள் தாமே திரண்டு பேசியதும், அவர்களின் பேச்சைச் சான்றாக ஏற்று வாஷிங்டனுக்குக் கொண்டுசென்ற அமைப்பு இருந்ததுமே ஆகும். ஆவணம் அரசின் பொய்யை மறுக்கவல்லது. ஆனால் ஆக்கிரமிப்பு யார்மீது நிகழ்ந்ததோ அவர்களின் குரலுக்கு அது மாற்றாகாது. போர் எதிர்ப்பு எழுத்தின் தகுதியை மதிப்பிட விரும்பும் ஆய்வாளர், அது அரசை எவ்வளவு கடுமையாகச் சாடியது என்பதோடு, யாரைப் பேசவிட்டது என்பதையும் அளவுகோலாகக் கொள்ள வேண்டும்.