வெளியே வைக்கப்பட்டவர்கள்

1606ஆம் ஆண்டில் மதுரை வந்து, 'தத்துவ போதகர்' எனப் பெயர் பெற்ற இராபர்ட் தே நொபிலியை நாம் அறிவோம். நொபிலி என்பது அவருடைய குடும்பப் பெயர். உயர்குடியினர் என்பது அதன் பொருள். பெயருக்கேற்ப அவரும் பெருங்குடியில் பிறந்தவரே. ஆனால் இத்தாலியக் குடும்பப் பெயர்கள் எல்லாம் இப்படிக் குலப்பெருமை பேசுபவை என்று எண்ணிவிட வேண்டாம். அந்நாட்டில் மிகுதியாக வழங்கும் ரோஸ்ஸி என்ற பெயர், மூதாதை ஒருவரின் செந்நிற முடியையோ சிவந்த முகத்தையோ சுட்டி எழுந்தது. ஃபெர்ராரி என்றால் கொல்லர் வழி வந்தவர். இப்பெயர்களின் வரிசையில் முதல் பத்துக்குள் நிற்கும் ஒரு பெயர் நம்மைச் சற்றே நின்று சிந்திக்க வைக்கிறது. அது எஸ்போசித்தோ. நேப்பிள்ஸ் நகரில் அதுவே மிகப் பரவலான குடும்பப் பெயர்.

'எக்ஸ்போசித்துஸ்' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது இப்பெயர். வெளியே வைக்கப்பட்டவன் என்பது நேர்ப் பொருள். பிறந்த குழந்தையைப் பெற்றோர் தெருவிலோ கோவில் வாசலிலோ வைத்துவிட்டு அகன்றால், அக்குழந்தைக்கு உரோமையர் காலத்திலேயே வழங்கிய சொல் இது. விவிலியம் அறிந்த நம் வாசகர்களுக்கு இச்சொல் முற்றிலும் புதியதன்று. திருத்தூதர் பணிகள் 7ஆம் அதிகாரத்தில் ஸ்தேவான் தலைமைச் சங்கத்தின் முன் பேசும்போது, குழந்தை மோசே வெளியே விடப்பட்டதையும் பார்வோனின் மகள் அவரை எடுத்து வளர்த்ததையும் நினைவூட்டுகிறார். அந்த 21ஆம் வசனத்தில், புனித எரோணிமுவின் பெயரோடு வழங்கிவரும் இலத்தீன் விவிலியம் மோசேயைக் குறிக்க எடுத்தாளும் சொல் இதுவே. ஆயினும் நேப்பிள்ஸ் நகரத்தார் இப்பெயரைச் சூட்டியபோது மோசேயை எண்ணிச் சூட்டினார்கள் என்று சொல்ல நமக்குத் துணிவில்லை. பதிவேட்டில் எழுத ஒரு பெயர் வேண்டியிருந்தது. நடந்ததையே பெயராக எழுதினார்கள்.

எழுதிய இடம் எது? நேப்பிள்ஸ் நகரில் மங்களவார்த்தை அன்னையின் பெயரால் 14ஆம் நூற்றாண்டில் எழுந்த அறநிலையம். 'அனுன்சியாத்தா' என்று அதைச் சொல்வார்கள். கோவில், மருத்துவமனை, திக்கற்ற பிள்ளைகளின் இல்லம் ஆகிய மூன்றும் அங்கே ஒன்றாக இருந்தன. அதன் மதிற்சுவரில் ஒரு துளை. துளைக்குள் உருளை வடிவில் ஒரு மரப்பெட்டி. அச்சில் சுழலும்படி அமைந்த அதன் ஒரு பக்கம் மட்டும் திறந்திருக்கும். தெருவில் நிற்பவர் குழந்தையை அதில் கிடத்திச் சுழற்றினால், குழந்தை சுவரின் உட்புறம் போய்ச் சேரும். வைத்தவர் யாரென்று உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. எடுத்தவர் யாரென்று வைத்தவருக்கும் தெரியாது. இரவும் பகலும் காத்திருக்கும் பெண்ணொருத்தி குழந்தையை எடுத்துக் கழுவித் துடைப்பாள். வந்த நாள், நேரம், உடுத்தியிருந்த துணி, உடலிலுள்ள அடையாளங்கள் யாவும் பதிவேட்டில் ஏறும். திருமுழுக்கு நடைபெறும். கழுத்தில் ஈயப் பதக்கம் ஒன்று கட்டப்படும். 'அன்னை மரியாவின் பிள்ளைகள்' என்றே நகரத்தார் இவர்களை அழைத்தார்கள். பெண்பிள்ளைகளுக்கு மணக்கொடை தந்து மணமுடித்து வைக்கும் வழக்கமும் அங்கே இருந்தது.

இந்தச் சுழல்பெட்டிக்கு ஒரு பழைய மரபுக் கதையும் உண்டு. திருத்தந்தை 3ஆம் இன்னோசென்ட் காலத்தில், டைபர் ஆற்றில் வலை வீசிய மீனவர்களுக்கு மீனுக்குப் பதிலாகக் குழந்தைகளின் சடலங்கள் கிடைத்தனவாம். மனமுடைந்த திருத்தந்தை உரோமைத் தூய ஆவி மருத்துவமனையில் இத்தகைய பிள்ளைகளைச் சேர்க்க வழி செய்தாராம். அந்த மருத்துவமனையின் பெருங்கூடத்துச் சுவரோவியங்களில் இக்காட்சி தீட்டப்பட்டுள்ளது. கதையில் எவ்வளவு வரலாறு என்பது வேறு கேள்வி. அது எந்தத் துயரத்திலிருந்து பிறந்தது என்பதில் ஐயமில்லை.

அறநிலையத்தின் பெருமையை மட்டும் பேசி அமைவது நேர்மையாகாது. வறுமையில் உழன்ற தம்பதியர், மணமாகாமல் தாயாகி ஊராரின் பழிச்சொல்லுக்கு அஞ்சிய இளம்பெண்கள் எனப் பலரும் இப்பெட்டியை நாடினார்கள். சில இடங்களில் தாயே விரும்பினாலும் பிள்ளையைத் தன்னிடம் வைத்துக்கொள்ள விடாமல் சூழ்நிலை அவளை நெருக்கியது. பிள்ளைகள் பெருகினார்கள், பாலூட்டும் செவிலித் தாயர் போதவில்லை. இத்தாலியின் பல இல்லங்களில், முதல் பிறந்த நாளைக் காணாமல் மடிந்த குழந்தைகள் பாதிக்கும் மேல் என்ற நிலை நேர்ந்தது. பெட்டி குழந்தைகளைக் காத்ததா, கைவிடுவதை எளிதாக்கியதா என்று 19ஆம் நூற்றாண்டில் பெரிய வாதமே நடந்தது. இரண்டும் உண்மை என்றே நமக்குத் தோன்றுகிறது. நேப்பிள்ஸ் நகரின் சுழல்பெட்டி 1875ஆம் ஆண்டில் மூடப்பட்டது. பிளாரன்சிலும் அதே ஆண்டில்தான்.

பிழைத்து வளர்ந்த பிள்ளைகளுக்கோ பெயர் பாரமாயிற்று. திரெந்துப் பொதுச்சங்கம் 1563ஆம் ஆண்டில் பங்குப் பதிவேடுகளைப் பற்றி ஒழுங்குகள் வகுத்தபின், குடும்பப் பெயர்கள் மெல்ல மெல்ல நிலைபெற்றன. தந்தையின் பெயர் மகனுக்கும், அவன் பெயர் பேரனுக்கும் தொடர்ந்தது. ஒருவர் பெட்டியில் வைக்கப்பட்டது ஒரே ஓர் இரவில். அவருடைய பேரனின் பேரனும் ஊரார் முன் 'வெளியே வைக்கப்பட்டவன்' என்றே அழைக்கப்பட்டார். பெண் பார்க்கப் போகும் இடத்திலும் வேலை கேட்டு நிற்கும் இடத்திலும் பெயரைச் சொன்னவுடன் பிறப்பு தெரிந்துவிடும். 1808 முதல் 1815 வரை நேப்பிள்ஸ் அரசை ஆண்ட யோவாக்கிம் முரா, இப்பெயரைப் புதிதாகச் சூட்டுவதற்குத் தடை விதித்தார். அதன்பின் வந்த பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பெயர் புனைந்து சூட்டப்பட்டது. ஆனால் அதற்குள் எஸ்போசித்தோக்கள் பல்கிப் பெருகியிருந்தார்கள். இப்பெயரின் பரவலுக்கு வேறு இரகசியம் எதுவுமில்லை.

பிற நகரங்களில் வேறு பெயர்கள் வழங்கின. உரோமையில் புரொயெத்தி, எறியப்பட்டவர் என்று பொருள். இது இன்னும் கடுமை. சிசிலியில் திரொவாத்தோ, அதாவது கண்டெடுக்கப்பட்டவர். ஒரே நிகழ்ச்சிதான், ஆனால் விட்டுச் சென்றவரின் பக்கமிருந்து பார்க்காமல், எடுத்தவரின் பக்கமிருந்து பார்க்கிறது இப்பெயர். மிலான் மருத்துவமனையின் சின்னம் புறா. ஆகவே அங்கே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை பிள்ளைகளுக்குக் கொலொம்போ, அதாவது புறா என்ற பெயர். கொலொம்போக்கள் எல்லாரும் அப்படி வந்தவர்கள் அல்லர். கொலம்பசின் குடும்பப் பெயரும் அதுவே. பிளாரன்சில் இன்னொசெந்தி, மாசற்றவர்கள். ஏரோது கொன்ற மாசில்லாக் குழந்தைகளின் பெயரால் எழுந்த இல்லம் அது. பெயர் வைத்தவர்களுள் பிளாரன்ஸ்காரர்களே இரக்கம் மிகுந்தவர்கள் என்போம்.

பெயர் காலப்போக்கில் தன் முள்ளை இழந்தது. 1889ஆம் ஆண்டில் அரசி மார்கரீத்தாவுக்காகப் பீட்சா சமைத்து, அவர் பெயரையே அதற்கு இட்டவர் என்று சொல்லப்படும் நேப்பிள்ஸ் சமையற்காரர் இரஃபாயேலே எஸ்போசித்தோ. கடல் கடந்து குடியேறியோர் வழியாக அமெரிக்காவிலும் கனடாவிலும் இப்பெயர் பரவியது. இன்று அதைக் கேட்கும் இத்தாலியருக்கு முதலில் நினைவுக்கு வருவது நேப்பிள்ஸ் நகரம்தான். அநாதைக் குழந்தை அன்று.

பிளாரன்ஸ் இல்லத்தை வடிவமைத்தவர் புரூனெல்லெஸ்கி. 1419இல் பணி தொடங்கி, 1445 பிப்ரவரி 5ஆம் நாள் முதல் குழந்தை அங்கே வந்தது. அன்று புனித ஆகத்தாவின் திருநாளாகையால் ஆகத்தா என்று பெயரிட்டார்கள். அவ்வில்லத்தின் அருங்காட்சியகம் 2016இல் புதுப்பிக்கப்பட்டுத் திறக்கப்பட்டது. அங்கே வரிசை வரிசையாகச் சிறு இழுப்பறைகள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு குழந்தையின் பெயர். இழுத்துப் பார்த்தால், குழந்தையோடு பெற்றவர் விட்டுச் சென்ற அடையாளப் பொருள் உள்ளே இருக்கும்: ஒரு துணித்துண்டு, ஒரு மணி, அல்லது பாதியாக வெட்டப்பட்ட ஒரு பதக்கம். என்றாவது திரும்பி வந்து பிள்ளையைக் கேட்கும்போது ஒட்டிக் காட்டுவதற்காக மறுபாதியைத் தாய் தன்னிடம் வைத்துக்கொண்டாள். இழுப்பறைகளில் இருப்பவை அந்த ஒரு பாதி மட்டுமே.