குறவஞ்சி மேடும் வட்டத்தொட்டியும்

கலைஞர் ஒருவருக்குச் சில வாரங்களோ மாதங்களோ இடமும் உணவும் கொடுத்து, 'என்ன வேண்டுமானாலும் செய்து பாருங்கள், தோற்றாலும் பாதகமில்லை' என்று விட்டுவிடும் ஏற்பாட்டை இன்று ரெசிடென்சி என்கிறோம். அமெரிக்காவில் மெக்டவல் குடியிருப்பு 1907-இல் தோன்றியது. யாடோ 1926-இல் கலைஞர்களுக்குக் கதவைத் திறந்தது. நம் பக்கத்தில் ஆதிசக்தி உண்டு. வீணாபாணி சாவ்லா 1981-இல் மும்பையில் தொடங்கி 1993-இல் புதுச்சேரிக்குக் கொண்டுவந்த குழு அது. கூடியாட்டத்தின் மிழாவு நவீன நாடகத்துக்குள் ஒலித்தது அங்கேதான். பெயர் புதிது; ஆனால் காரியம் அவ்வளவு புதிதா என்னும் கேள்வி எழும்போது நம் மனம் தென்காசிச் சீமைக்குப் போகிறது.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் வழியில் மேலகரம் இருக்கிறது. திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் இயற்றிய குற்றாலக் குறவஞ்சியைப் பாடப்புத்தகத்துச் செய்யுளாகவே நம்மில் பலரும் அறிவோம். அது ஆடுவதற்கென்று எழுதப்பட்ட நாடகம் என்பது பின்னால்தான் உறைக்கிறது. கவிராயருக்கு முன்பே 'குறம்' என்ற சிற்றிலக்கியம் இருந்தது. குமரகுருபரரின் மீனாட்சியம்மை குறம் நமக்குத் தெரிந்ததே. அதில் குறத்தி வந்து குறி சொல்வாள்; பேச்சு முழுதும் அவளுடையது. குறவஞ்சியிலோ கட்டியக்காரன் வருகிறான், இறைவன் உலா வருகிறான், வசந்தவல்லி பந்தாடுகிறாள், காதலில் வாடுகிறாள், குறத்தி மலைவளம் பாடிக் கைபார்த்துக் குறி சொல்கிறாள். விருத்தமும் கண்ணியும் சிந்தும் மாறிமாறி வருகின்றன.

நம்மை வியக்க வைப்பது பிற்பகுதிதான். குறி சொன்ன சிங்கியைத் தேடி அவள் கணவன் சிங்கன் நூவனோடு வருகிறான். பறவை பிடிக்கக் கண்ணி வைக்கிறான், மனைவியை நினைத்துப் புலம்புகிறான், கண்டதும் அவள் உடம்பிலுள்ள புதிய நகைகளைப் பற்றி ஒவ்வொன்றாகச் சந்தேகத்தோடு கேட்கிறான். இதற்குள் வசந்தவல்லி மேடையைவிட்டு எங்கே போனாள் என்று நாம் யாரும் கேட்பதில்லை. தெய்வத்தைக் காதலித்த உயர்குலத் தலைவியை ஓரமாக நிறுத்திவிட்டு, வேட்டுவத் தம்பதியின் ஊடலில் நாடகத்தை முடிக்கத் துணிந்ததைச் சோதனை முயற்சி என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

அந்தத் துணிவுக்குப் பரிசும் கிடைத்தது. மதுரை நாயக்கர் முத்து விஜயரங்க சொக்கநாதர் கவிராயருக்கு நிலம் வழங்கினார். அது 'குறவஞ்சி மேடு' என்றே பெயர் பெற்றது. நூலின் பெயர் வயலுக்கு வந்த கதை நமக்குத் தெரிந்து அரிது.

இரண்டாவது ஏற்பாடு நம் பாட்டனார் காலத்தது. தென்காசிக் குடும்பத்தைச் சேர்ந்த ரசிகமணி டி.கே.சிதம்பரநாத முதலியார் (1882–1954) திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் தம் வீட்டு முற்றத்தில் நண்பர்களைக் கூட்டிக் கவிதை பேசினார். அதுவே வட்டத்தொட்டி. தொ.மு.பாஸ்கரத் தொண்டைமான், நீதிபதி மகாராஜன் போன்றோர் அதில் உருவானவர்கள். பிற்காலத்தில் டி.கே.சி. குற்றாலத்தில் குடியேறியபோது சபையும் கூடவே வந்தது. ராஜாஜியும் கல்கியும் அங்கே விருந்தினர்கள். கம்பன் பாட்டைக் கண்ணால் வாசித்துக் கடந்துபோக அவர் விடுவதில்லை. குரலும் உணர்ச்சியும் கூடினால்தான் பாட்டு பிறக்கும் என்பது அவர் கட்சி. கச்சேரி மேடையில் தமிழ்ப்பாட்டு ஒலிக்க வேண்டும் என்று தமிழிசைக்கு அவர் வாதாடியதும் அதே காதால்தான். அருவிக் குளியல், வயிறார உணவு, பிறகு பாட்டு. இன்றைய விண்ணப்பப் படிவங்களில் இதற்கு என்ன பெயரோ!

ஆனால் இரண்டு ஏற்பாட்டிலும் ஓர் இடம் காலியாக இருக்கிறது. நிலம் கவிஞருக்குப் போயிற்று, விருந்து ரசிகருக்கும் எழுத்தாளருக்கும் போயிற்று. ஆடியவர்கள்? குறவஞ்சிகளைக் கோயில்களில் ஆடிவந்தவர்கள் தேவதாசி மரபுப் பெண்கள். அவர்களுக்கும் மானிய நிலம் இருந்தது. ஆனால் அது ஊழியத்தோடு கட்டப்பட்ட நிலம். முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1929-இல் வந்த சட்டத் திருத்தம் அந்தக் கட்டை அவிழ்த்து, நிலத்தை அந்தப் பெண்களுக்கே உரிமையாக்கியது. 1947-ஆம் ஆண்டுச் சட்டம் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடைசெய்தது. கொடுமை ஒழிய வேண்டியதே, அதில் நமக்கு இரண்டாம் கருத்தில்லை. எனினும் அந்த உடல்களில் தங்கியிருந்த ஆட்டத்துக்கு மாற்று இருப்பிடம் எதையும் எவரும் யோசிக்கவில்லை.

இரு சட்டங்களுக்கும் நடுவே, 1944-இல், ருக்மிணி தேவி அருண்டேல் கலாக்ஷேத்திராவின் நாட்டிய நாடகமாகக் குற்றாலக் குறவஞ்சியை அரங்கேற்றினார். நாட்டிய நாடகத்துக்கு அது பெரிய தொடக்கம். அதன் அழகை நாம் மறுக்கவில்லை. திரிகூட மலையின் வளத்தைக் குறத்தி அடையாற்றுக் கடற்கரையில் பாடினாள். ஆனால் ஆடியவர்கள் வேறு வகுப்பினர். பயிற்சியும் பாதுகாப்பும் மரியாதையும் அவர்களுக்குக் கிடைத்தன. கவிராயர் பெயர் நிலைத்தது, நாயக்கர் பெயர் நிலைத்தது, மேட்டுக்குக்கூட ஒரு பெயர் நிலைத்தது. முன்னே ஆடிய பெண்களின் பெயர்கள் அந்த வரிசையில் இல்லை.

2019-இல் தென்காசி தனி மாவட்டம் ஆயிற்று. குற்றாலத்தில் கலைஞர் உறைவிடம் ஒன்று வேண்டும் என்று நண்பர்களிடையே பேச்சு எழும்போதெல்லாம் நவீன நாடகக் குழுக்களின் பெயர்களே முதலில் வருகின்றன. வரட்டும். ஆனால் மகுடம் அடிக்கும் கணியான் கூத்துக்காரரும் வில்லுப்பாட்டுக்காரரும் இதே சீமையில் இருக்கிறார்கள். கோயில் கொடைகள் நடக்கும் மாதங்களில் அவர்களுக்கு வேலை உண்டு; கொடைகள் ஓய்ந்தால் வருமானமும் ஓய்ந்துவிடும். சாரல் காலம் முடிந்து குற்றாலத்து விடுதிகள் காலியாகக் கிடக்கும் மாதங்களும் உண்டு. அந்த அறைகளில் இரண்டு மூன்றை அவர்களுக்குத் திறந்து, புதிய நாடகக்காரர் ஒருவரையும் உடன் தங்கவைத்து, கொடையில் பாடாத கதை ஒன்றைச் செய்து பார்க்கச் சொல்லலாம். நாள் கூலியை முன்னதாகவே கையில் கொடுத்துவிட வேண்டும்.