சேமித்த மின்னும் மிதித்த மின்னும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் அண்மைக்கால வரலாற்றை ஆராய்வோர் போர்களையும் இடப்பெயர்வுகளையும் விரிவாக நோக்கியுள்ளனர். இருள் சூழ்ந்த பின் ஒரு வீடு எவ்வாறு இயங்கிற்று என்னும் வினா அத்துணைக் கவனம் பெற்றிலது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதைத் தொடர்ந்து குடாநாட்டுக்கான மின்விநியோகம் அற்றுப்போயிற்று. பொருளாதாரத் தடைக்குள்ளான பண்டங்களுள் ரோச் பற்றறியும் அடங்கும். மண்ணெண்ணெய் அரும்பொருளாயிற்று. ஜாம் போத்தலுள் பஞ்சை இட்டுச் சிறிதளவு எண்ணெயில் நனைத்து எரித்த சிக்கன விளக்கு பற்றிப் பலரும் எழுதிவிட்டனர். ஈண்டு அதனை விரித்தல் வேண்டா.

துவிச்சக்கர வண்டியின் தைனமோவே இங்கு நமது கவனத்துக்குரியது. வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதிகட்டையைக் கையாற் சுற்ற, ஏனையோர் வானொலியிற் செய்தி கேட்டனர். தைனமோ தருவது ஆடலோட்ட மின். வானொலிக்கு வேண்டியதோ நேரோட்ட மின். ஆகவே இடையே இருவாயியைப் பொருத்தும் நுட்பத்தை ஊர்த் திருத்துநர் அறிந்திருந்தனர். எனினும் ஒரு குறையை எந்நுட்பமும் தீர்க்கவில்லை. சேமிக்க வழியின்மையால், உழைப்பும் நுகர்வும் ஒரே கணத்தில் நிகழவேண்டியிருந்தது. கை தளர்ந்தால் வானொலியின் குரலும் தளரும்.

பற்றறியின் வரலாற்றுப் பெறுமதி இங்கேதான் புலப்படுகிறது. மீள மின்னேற்றத்தக்க ஈய அமிலக் கலத்தைப் பிரான்சியரான பிளாந்தே 1859இல் ஆக்கினார். இலித்தியம் அயன் கலம் 1991இல், அதாவது குடாநாடு இருளில் மூழ்கியிருந்த நாள்களில், யப்பானில் விற்பனைக்கு வந்தது. அதன் வழிவந்ததே இன்று கையிற் தூக்கிச் செல்லத்தக்க மின்பெட்டி. ஆயிரம் உவாற்று மணி கொள்ளும் பெட்டியொன்று இரு மின்குமிழ்களையும் ஒரு விசிறியையும் ஓரிரவு முழுவதும் இயக்கவல்லது. மூன்று உவாற்றுத் தைனமோவால் அதே அளவு மின்னைப் பெற 333 மணி நேரம் இடைவிடாது மிதித்தல் வேண்டும்.

2013இல் குடாநாடு தேசிய மின்வலையமைப்புடன் மீள இணைந்தது. 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டபோது இருள் எல்லார்க்கும் பொதுவாயிற்று. சேமித்த மின் பொதுவாகவில்லை. வசதி படைத்த இல்லங்களில் விசிறி சுழன்றது. ஏனையவற்றில் மெழுகுதிரி எரிந்தது. தொண்ணூறுகளின் இல்லாமையைத் தமிழரின் புத்தாக்கத் திறனுக்குச் சான்றாக மட்டும் போற்றும் மரபு நம்மிடையே உண்டு. அப்புகழுரை, சுற்றிய கை யாருடையது என வினவுவதில்லை.

எமது இல்லத்திற் சுற்றியவர் என் தாயார். அப்போது அவருக்கு வயது 11. விறாந்தையில் அமர்ந்திருந்த ஆடவர் செய்தியைக் கேட்டனர்; அவருக்குச் சங்கிலியின் ஓசையே கேட்டதாம்.