பிளானிட்சா

பிளானிட்சா என்பது ஸ்லோவீனியாவின் வடமேற்கு மூலையில், யூலியன் ஆல்ப்ஸ் மலைகளுக்கிடையே அமைந்த பள்ளத்தாக்கு. பக்கத்திலுள்ள ஊர் ராத்தெச்சே. இத்தாலி, ஆஸ்திரியா எல்லைகள் கூப்பிடு தூரம். பனிச்சறுக்குத் தாண்டலின் உலகச் சாதனைத் தொலைவுகள் இங்கே திரும்பத் திரும்ப முறியடிக்கப்பட்டதால் இந்தப் பள்ளத்தாக்கு பெயர் பெற்றது.

இங்கே பெரிய சரிவுதளம் 1934-இல் திறக்கப்பட்டது. அதை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் ஸ்டான்கோ புளோடெக், விமானங்களை வடிவமைத்த பொறியாளர். அந்த ஆண்டே நார்வேயின் பிர்கர் ரூட் 92 மீட்டர் தாண்டினார். 1936 மார்ச்சில், பதினெட்டு வயது ஆஸ்திரியர் யோசஃப் பிராடல் 101.5 மீட்டரில் தரையிறங்கினார். 100 மீட்டரைக் கடந்த முதல் மனிதர் அவரே. பன்னாட்டுப் பனிச்சறுக்குக் கூட்டமைப்புக்கு இது உவப்பாக இல்லை. இவ்வளவு பெரிய தளங்கள் ஆபத்தானவை, தொலைவு வெறி ஆட்டத்தைக் கெடுக்கும் என்பது அதன் எண்ணம். கடைசியில் ‘பனிச்சறுக்குப் பறத்தல்’ என்று தனிப் பிரிவாக ஏற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. கூட்டமைப்பின் அச்சத்தில் நியாயம் இல்லாமலும் இல்லை.

1950-இல் ஜெர்மனியின் ஓபர்ஸ்ட்டார்ஃப் தளம் முந்திக்கொண்டது. அதற்குப் பதிலடியாக விளாடோ, யானெஸ் கொரிஷேக் சகோதரர்கள் கட்டியதுதான் இன்றைய பறத்தல் தளம். 1969-இல் திறக்கப்பட்டது, அவர்கள் பெயரையே தாங்கியுள்ளது. பிந்தைய மாற்றங்களுக்குப் பிறகு அதன் மதிப்பெண் கணக்கீட்டுப் புள்ளி 200 மீட்டர், தளத்தின் அளவு 240 மீட்டர். வீரர் புறப்படு மேடையை விட்டகலும் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தொடும். ஆனாலும் அவர் வானத்தில் எங்கோ உயரத்தில் மிதப்பதில்லை. சரிவின் வளைவு அவரது பறப்புப் பாதையை ஒட்டியே கீழிறங்குவதால் தரை எப்போதும் சில மீட்டர் கீழேயே இருக்கும். சரிவு தட்டையாகத் தொடங்கும் இடத்தைத் தாண்டி விழுந்தால்தான் ஆபத்து. வீரர் சறுக்கத் தொடங்கும் வாயிலின் எண்ணை ஏற்றி இறக்கி நடுவர் குழு வேகத்தைக் கட்டுப்படுத்துவது அதற்காகவே. மதிப்பெண் தொலைவால் மட்டும் கிடைப்பதில்லை: ஐந்து நடுவர்கள் பாணிக்கும் தரையிறக்கத்துக்கும் மதிப்பெண் இடுவர், அவற்றில் உச்சமும் தாழ்வும் நீக்கப்படும். காற்றுக்கும் வாயிலுக்கும் தனிக் கணக்கு உண்டு.

பனிச்சறுக்குப் பறத்தலின் முதல் உலகச் சாம்பியன்ஷிப் 1972-இல் இங்கே நடந்தது. வென்றவர் சுவிட்சர்லாந்தின் வால்ட்டர் ஸ்டைனர். மரச்சிற்பியான அவரைப் பற்றி வெர்னர் ஹெர்ட்ஸோக் எடுத்த ஆவணப்படத்தின் முக்கியப் பகுதிகள் பிளானிட்சாவில் படமானவை. பின்னர் 1979, 1985, 1994, 2004, 2010 ஆகிய ஆண்டுகளிலும் இதே போட்டி இங்கு நடந்தது. 2020-ஆம் ஆண்டுப் போட்டி கொரோனாவால் மார்ச்சிலிருந்து டிசம்பருக்குத் தள்ளிப்போனது. உலகக் கோப்பைப் பருவம் பெரும்பாலும் மார்ச் இறுதியில் இங்கேதான் முடிகிறது. இருபது லட்சம் பேர் கொண்ட நாட்டில் அந்த வார இறுதி ஒரு தேசியத் திருவிழாதான்.

1994 மார்ச் 17 அன்று ஆஸ்திரியாவின் ஆண்ட்ரியாஸ் கோல்ட்பெர்கர் 202 மீட்டர் தாண்டினார். ஆனால் இறங்கும்போது கை பனியைத் தொட்டுவிட்டது, அந்தத் தொலைவு சாதனையாகச் செல்லுபடியாகவில்லை. அதே நாளில் ஃபின்லாந்தின் டோனி நியமினென் 203 மீட்டரில் நேராக நின்றார். 200 மீட்டரை முதலில் கடந்த பெருமை அவருக்கே போனது. 2005-இல் நார்வேயின் பியோர்ன் எய்னார் ரோமொரென் இங்கே 239 மீட்டர் என்ற உலகச் சாதனையை எட்டினார். 2011-இல் உலகச் சாதனை நார்வேயின் விக்கர்சுன்டுக்குக் கைமாறியது. புதுப்பிக்கப்பட்ட அந்தத் தளத்தை வடிவமைத்தவர்களும் யானெஸ் கொரிஷேக்கும் அவர் மகன் செபாஸ்டியனும்தான்! தன் தளத்துக்குத் தானே போட்டி கட்டிய பொறியாளர் விளையாட்டு வரலாற்றில் அபூர்வம்.

புளோடெக்கின் பழைய தளம் 2001-இல் இடிந்துபோய், 2012-இல் மீண்டும் எழுந்தது. 2023-இல் நோர்டிக் பனிச்சறுக்கு உலகச் சாம்பியன்ஷிப் முதன்முறையாக ஸ்லோவீனியாவுக்கு வந்தபோது அங்கேதான் உள்ளூர் வீரர் டிமி சாய்ட்ஸ் தங்கம் வென்றார். ஆண்கள் அணித் தங்கமும் ஸ்லோவீனியாவுக்கே.

2025 மார்ச் 30 அன்று டோமென் பிரெவ்ட்ஸ் பறத்தல் தளத்தில் 254.5 மீட்டர் தாண்டி உலகச் சாதனையைப் பிளானிட்சாவுக்கு மீட்டுவந்தார். 2024-இல் ஜப்பானின் ரியோயு கோபயாஷி ஐஸ்லாந்தில் 291 மீட்டர் பறந்தது போட்டிக்கு வெளியே, தனியாக அமைத்த சரிவில் என்பதால் சாதனைப் பட்டியலில் சேரவில்லை. அந்தப் பட்டியலும் ஊடகங்களும் ரசிகர்களும் வைத்திருப்பதே. கூட்டமைப்பு இன்றுவரை அதிகாரபூர்வ உலகச் சாதனை என்று எதையும் அங்கீகரிப்பதில்லை.