கிளிஞ்சலும் காக்கா ஆழியும்

வடசென்னைக்காரர்களுக்குக் கடலைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. மீனைப் பற்றி, கப்பலைப் பற்றி, புயலைப் பற்றி ராயபுரம் திண்ணையில் உட்கார்ந்தால் பொழுது போவதே தெரியாமல் பேசுவார்கள். சிப்பியைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. ஆனால் நம் பட்டணத்தின் சரித்திரத்தில் சிப்பிக்கு ஒரு நல்ல இடம் உண்டு. அதைத்தான் இந்த வாரம் எழுதலாம் என்று இருக்கிறேன்.

சிமெண்ட் வருவதற்கு முன்னால் இங்கே கட்டடங்களை நிற்க வைத்தது சுண்ணாம்பு. உப்பங்கழிகளில் கிடைக்கும் கிளிஞ்சலை வாரி வந்து காளவாயில் சுட்டு, நீற்றி, அரைத்துப் பூசுவார்கள். தயிரும் வெல்லமும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து, கல்லால் தேய்த்து மெருகேற்றினால் சுவர் சலவைக்கல் மாதிரி பளபளக்கும். வெள்ளைக்காரர்கள் இதை 'மெட்ராஸ் சுனாம்' என்று பெயர் வைத்து வியந்தார்கள்.

இதில் உயிரியல் எங்கே என்று கேட்பீர்கள். சிப்பி தன் ஓட்டைத் தானே கட்டிக்கொள்ளும் பிராணி. தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியத்தை எடுத்து, அதைக் கல்லாக்கி, உடம்பைச் சுற்றி இரண்டு கதவு போட்டுக்கொள்கிறது. அதைச் சுட்டால் கரியமில வாயு வெளியேறிவிடும். சுவரில் பூசிய பிறகு அது காற்றிலிருந்து அதே வாயுவை மெள்ள மெள்ள வாங்கிக்கொண்டு மறுபடியும் கல்லாகிவிடும். ஆக, பழைய சென்னையின் சுவர்கள் பல, ஒரு காலத்தில் சேற்றில் வாழ்ந்த பிராணிகளின் வீடுகள்தாம்.

சிப்பிக்குத் தலை கிடையாது. மூச்சு விடுவதும் இரை பிடிப்பதும் செவுளால்தான். ஒரு பக்கம் தண்ணீரை உள்ளே இழுத்து, அதிலுள்ள நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்றுவிட்டு, மறுபக்கம் தண்ணீரை வெளியே விடும். ராப்பகலாக இதே வேலை. எங்கள் காலத்துக் குமாஸ்தா உத்தியோகம் போலத்தான், வந்த காகிதத்தைப் பிரித்து அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

இனிப் புதிய கதை. கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் எண்ணூர் முகத்துவாரத்தில், சில வருஷங்களாக ஒரு புது சிப்பி பெருகியிருக்கிறது. மீனவர்கள் அதற்கு 'காக்கா ஆழி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இலக்கியத்தில் ஆழி என்றால் கடல். குப்பத்து வழக்கில் ஆழி என்றால் இந்தச் சிப்பி வகை. இதன் பூர்வீகம் மத்திய, தென் அமெரிக்கக் கரைகள்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு இதன் பெயர்க் கதையில் தனி ஆர்வம் ஏற்பட்டது. பிரெஞ்சில் இந்த வகைச் சிப்பிக்கு 'மூல்' என்று பெயர். பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் அல்சீத் தொர்பிஞி என்ற இளைஞரைத் தென்னமெரிக்காவுக்கு அனுப்பியது. 1826 முதல் 1833 வரை அங்கே அலைந்து திரிந்த அவர், இந்தச் சிப்பிக்கு உருகுவே நாட்டுச் சர்ருவா என்ற பழங்குடியின் பெயரை வைத்தார். ஆங்கிலத்தில் 'சர்ரு மஸல்' என்கிறார்கள். 1831-ல் அந்த மக்களை உருகுவே ராணுவம் வரவழைத்துக் கொன்று குவித்தது. தப்பியவர்களில் நாலு பேரை 1833-ல் பாரிசுக்குக் கொண்டுபோய்க் காசு வாங்கிக்கொண்டு காட்சிப்பொருளாகக் காட்டினார்கள். இடம் பறிபோன ஜனங்களின் பெயரைத் தாங்கிய பிராணி, இன்று இன்னொரு கரையில் பிறர் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அவ்வளவு தூரம் எப்படி வந்தது? கப்பலில்தான் வந்திருக்க வேண்டும் என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. அந்தக் காலத்தில் சரக்கில்லாத கப்பல் ஆடாமல் நிற்கக் கல்லையும் மணலையும் அடித்தட்டில் போடுவார்கள். இரும்புக் கப்பல் வந்த பிறகு கல்லுக்குப் பதில் கடல்நீரையே தொட்டிகளில் நிரப்பிக்கொண்டார்கள். ஒரு துறைமுகத்தில் ஏற்றிய தண்ணீரை இன்னொரு துறைமுகத்தில் இறைக்கிறார்கள். சிப்பிக் குஞ்சு கண்ணுக்குத் தெரியாத அளவில் நீந்தித் திரியும் பருவம் ஒன்று உண்டு. அப்போது டிக்கெட் இல்லாமல் ஏறிக்கொள்ளும். கப்பலின் அடிப்பாகத்தில் ஒட்டிக்கொண்டும் வரும். 1986-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒரு மின்நிலையத்தின் தண்ணீர்க் குழாயை இது அடைத்துக்கொண்டது. 2019 வாக்கில் கேரளத்துக் காயல்களில் தென்பட்டது. நமக்கோ ராயபுரம் பக்கத்தில் பழைய துறைமுகம், 2001 முதல் எண்ணூர்த் துறைமுகம், அப்புறம் காட்டுப்பள்ளி. வாசல் மூன்று.

வந்த விருந்தாளி எளிதில் போகாது. காலிலுள்ள சுரப்பியிலிருந்து ஒரு திரவத்தை விடும். தண்ணீரில் அது நூலாக இறுகும். அந்த நூலால் கல், கட்டை, இன்னொரு சிப்பி என்று எதையும் பிடித்துக்கொள்ளும். உப்பு அதிகமானாலும் குறைந்தாலும் தாங்கும். இரை கிடைக்காமல் பட்டினி கிடந்தால் பெண் சிப்பி ஆணாக மாறுவதையும் கண்டிருக்கிறார்கள்.

எண்ணூரில் இது ஆற்றின் அடியில் ஜமுக்காளம் விரித்த மாதிரி பரவிவிட்டது. இறால் சேற்றில் புதைந்து வாழும் பிராணி, மட்டியும் அப்படியே. சேற்றின் மேல் ஓட்டுக் கம்பளம் விரித்தால் அவை எங்கே போகும்? கழுத்தளவு தண்ணீரில் இறங்கி, பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, கையாலேயே துழாவி இறால் பிடிக்கும் இருளர் சமூகத்துப் பெண்களை இந்தப் பக்கத்தவர்கள் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்கு வலை கிடையாது, படகு கிடையாது, கைதான் முதல். அந்தக் கை இப்போது கூர்மையான ஓட்டில் படுகிறது. மீனவர்கள் முறையிட்டு, பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வரை விஷயம் போயிற்று.

"பிடித்துத் தின்றுவிட்டால் தீர்ந்தது" என்று என் நண்பர் ஒருவர் சொன்னார். நியாயமான கேள்விதான். பிரேசில் நாட்டில் இந்தச் சிப்பி இனத்தை 'சுருரு' என்று ஆசையாகச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். ஆனால் சிப்பி வடிகட்டும் பிராணி என்று மேலே சொன்னேனே, அதை நினைவில் வையுங்கள். தண்ணீரில் என்ன இருக்கிறதோ அது சிப்பியின் உடம்பில் சேரும். எண்ணூர்க் கழியில் அனல் மின்நிலையச் சாம்பல் கலந்திருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து படிந்தது. அந்தத் தண்ணீரில் வளர்ந்த சிப்பியை எந்தத் தைரியத்தில் குழம்பு வைப்பது?

தோண்டி எடுப்பதானாலும் கவனம் வேண்டும். எடுத்ததைக் கரைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்காமல் தண்ணீரிலேயே விட்டால் போன இடத்தில் மறுபடி முட்டையிடும். துறைமுகத்துக்கு வரும் கப்பல் தண்ணீரைச் சுத்தப்படுத்தி வெளியேற்ற வேண்டும் என்று 2004-ல் உலக நாடுகள் ஓர் உடன்படிக்கை செய்து, அது 2017 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. வந்தபின் வாருவதைவிட வராமல் தடுப்பது செலவு குறைவு.

சிப்பி ஒன்றும் வேண்டுமென்று செய்யவில்லை. பிழைக்க வந்த இடத்தில் பிழைக்கிறது. கொண்டுவந்து விட்டது நம் வியாபாரம், அதற்கு விலை கொடுப்பது முகத்துவாரத்தில் கையால் இறால் தேடுகிறவர்கள். அடுத்த முறை எண்ணூர்ப் பாலத்தைக் கடக்கும்போது நீரிறக்க நேரமாக இருந்தால் ஒரு நிமிஷம் நின்று கீழே பாருங்கள்.