ஏலத்தில் போன ஆட்டம்

நம்மில் பலர் கோடை விடுமுறைகளில் ‘பிசினஸ்’ என்றோ ‘டிரேட்’ என்றோ பெயரிட்ட அட்டையைத் தரையில் விரித்து, பகடை உருட்டி, பம்பாயையும் கல்கத்தாவையும் வாங்கி விற்றிருப்போம். வாடகை கொடுத்தே ஓட்டாண்டியானவனின் முகம் இன்னும் நினைவில் இருக்கலாம். அந்த ஆட்டங்களுக்கு மூலமான ‘மோனோபோலி’யின் விதிகளில், பெரும்பாலான வீடுகளில் யாரும் பொருட்படுத்தாத ஒன்று உண்டு. ஒரு மனையில் வந்து நிற்பவர் அதை வாங்க மறுத்தால், வங்கி அதை உடனே ஏலம் விட வேண்டும் என்பது அவ்விதி. ஏலம் விட்டால் மனைகள் விரைவில் கைமாறும், ஆட்டமும் விரைவில் முடியும். விடாததால்தான் மதியம் தொடங்கிய ஆட்டம் விளக்கு வைத்த பின்னும் நீள்கிறது. மறக்கப்பட்ட இவ்விதியைப் பின்தொடர்ந்து போனால், அதனோடு சேர்த்து மறக்கப்பட்ட ஒரு பெண்ணிடம் வந்து சேர்கிறோம்.

எலிசபெத் மேகி 1866இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பிறந்தவர். தந்தை பத்திரிகையாளர், அடிமை முறையை எதிர்த்தவர். வாஷிங்டனில் சுருக்கெழுத்தாளராகப் பணியாற்றிய மேகியை ஆட்கொண்டவை ஹென்றி ஜார்ஜின் கருத்துகள். 1879இல் வெளிவந்த ‘முன்னேற்றமும் வறுமையும்’ என்ற நூலில் ஜார்ஜ் முன்வைத்த வாதம் எளிமையானது. நிலத்தை எவரும் உழைத்து உண்டாக்கவில்லை. சுற்றிலும் ஊர் வளர்வதாலேயே அதன் மதிப்பு ஏறுகிறது. எனவே அந்த மதிப்பு ஊருக்கே உரியது. நிலமதிப்பின் மீது விதிக்கும் ஒற்றை வரியே அரசுக்குப் போதும். இக்கருத்தைச் சொற்பொழிவாகச் சொல்வதைவிட ஆட்டமாக ஆடிக் காட்டலாம் என்று மேகி எண்ணினார். 1903 மார்ச்சில் விண்ணப்பித்து, 1904 ஜனவரி 5 அன்று ‘நிலக்கிழார் ஆட்டம்’ என்பதற்குக் காப்புரிமை பெற்றார். சதுரப் பலகையைச் சுற்றி வரும் பாதை, மனைகள், இரயில் நிலையங்கள், சிறைச்சாலை, ஒரு சுற்று முடிந்தால் நூறு டாலர் ஊதியம் என்று நாம் அறிந்த அனைத்தும் அதில் இருந்தன. இந்த ஆட்டத்தை அவர் இரண்டு விதமாக வகுத்தார். ஒன்றில், பிறரை ஒழித்துக்கட்டுபவர் வெல்வார். மற்றதில், வாடகை பொதுக் கருவூலத்துக்குச் செல்லும்; மிகக் குறைந்த பணம் உள்ளவரின் தொகை இரட்டிப்பாகும்போது எல்லோரும் வென்றவராவர்.

1906இல் மேகி செய்த ஒரு காரியம் நாடெங்கும் பேசப்பட்டது. வாரம் 10 டாலர் ஊதியத்தில் ஒரு பெண் தனித்து வாழ முடியாத நிலையைக் கண்டு மனம் கொதித்த அவர், தம்மை ‘இளம்பெண் அமெரிக்க அடிமை’ என்று விவரித்து, அதிக விலை கேட்பவருக்குத் தம்மை விற்பதாகச் செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்தார். அது கசப்பான அங்கதம். அமெரிக்க அடிமைச் சந்தைகளில் ஏலம் மனிதரை விலை பேசியது, அந்தத் தலைமுறைக்கு நினைவிலிருந்த வரலாறு. ஏலம் என்பது ஒரு பொருளின் விலையைச் சொல்வதோடு நிற்பதில்லை, அதைக் கேட்பவர்களின் மனத்தையும் அம்பலப்படுத்துகிறது என்பதை அவர் அறிந்திருந்தார் எனலாம்.

அவருடைய ஆட்டம் கடைகள் வழியாகப் பரவியதைவிடக் கைகள் வழியாகப் பரவியதே அதிகம். மாணவர்களும் ஒற்றை வரிக் கொள்கையினரும் துணியிலும் அட்டையிலும் தாமே பலகை வரைந்து, தம் ஊர்த் தெருக்களின் பெயர்களை இட்டு ஆடினர். சிலரிடையே அதற்கு ‘ஏல மோனோபோலி’ என்றே பெயர் வழங்கியது. ஒருவர் மனையில் வந்து நின்றதும் அம்மனை ஏலத்துக்கு வரும். 1930ஐ ஒட்டி அது அட்லாண்டிக் சிட்டியின் குவேக்கர் சமயத்தவரிடம் வந்து சேர்ந்தது. மௌனத்தையே வழிபாடாகக் கொண்ட அவர்களுக்கு ஏலக் கூச்சல் ஒவ்வவில்லை. மனைகளின் விலைகளைப் பலகையிலேயே எழுதி வைத்தார்கள். தம் நகரில் எந்தத் தெரு உயர்ந்தது, எது தாழ்ந்தது என்பதையொட்டியே அவ்விலைகள் அமைந்தன.

சிறு மாற்றந்தான். ஆனால், ஏலத்தில் விலை என்பது உட்கார்ந்திருப்பவர்கள் வாய்விட்டுச் சொல்வது. நேற்று ஒன்று, இன்று ஒன்று. அச்சிட்ட விலையோ மலையும் ஆறும் போல இயற்கையாகத் தோற்றம் தருகிறது. நிலத்தின் மதிப்பை மனிதக் கூட்டமே உண்டாக்குகிறது என்ற ஜார்ஜின் கருத்தை ஆடுபவர் உணர இருந்த ஒரு வாசல் இவ்வாறு அடைபட்டது.

அந்த அட்லாண்டிக் சிட்டிப் பலகையை நண்பர் வழியாகக் கற்றுக்கொண்ட சார்லஸ் டாரோ, 1935இல் அதைத் தம் படைப்பாகப் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனத்துக்கு விற்றார். நண்பரின் பலகையிலிருந்த ‘மார்வின் கார்டன்ஸ்’ என்ற எழுத்துப்பிழைகூட அப்படியே அச்சேறியது. ஏடு பெயர்த்தெழுதுவோரின் பிழையைக் கொண்டு மூலத்தைக் கண்டறியும் பதிப்பாசிரியர்களுக்கு இது வியப்பளிக்காது. அதே ஆண்டு அந்நிறுவனம் மேகியின் 1924ஆம் ஆண்டுக் காப்புரிமையை 500 டாலருக்கு வாங்கியது. விற்பனையில் பங்கு ஏதும் இல்லை. எதிர்விலை கேட்க ஆளில்லாத ஏலம் அது. 1940 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தம் தொழில் ‘ஆட்டங்கள் செய்பவர்’ என்று பதிந்த அவர், 1948இல் காலமானார். 1970களில் ரால்ஃப் ஆன்ஸ்பாக் என்ற பொருளாதாரப் பேராசிரியர் ‘ஆன்டி மோனோபோலி’ என்ற ஆட்டத்தை வெளியிட்டு வழக்கில் சிக்கினார். அவ்வழக்குக்காகத் தேடியபோதுதான் மேகியின் காப்புரிமைகள் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தன.

ஏலம் பின்னர் ஜெர்மனியிலிருந்து புத்துயிர் பெற்று வந்தது. கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்ற ரைனர் நிட்சியா 1992இல் ‘மாடர்ன் ஆர்ட்’, 1995இல் ‘ஹை சொசைட்டி’ ஆகிய ஏல ஆட்டங்களை வெளியிட்டார். பின்னது அரைமணிக்குள் முடிந்துவிடும். ஏலத்துக்கு வரும் ஆடம்பரங்களும் அவமானங்களும் சேர்ந்து 16 சீட்டுகளே. அவமானச் சீட்டு வந்தால், அது தம்மிடம் வராதிருக்க எல்லோரும் விலை கேட்கிறார்கள். இறுதியில், கையில் மிகக் குறைந்த பணம் வைத்திருப்பவர் எவ்வளவு சேர்த்திருந்தாலும் தோற்றவரே. பகட்டின் விலையை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லும் விதி வேறில்லை.

மேகியின் இரண்டாம் ஆட்டத்தையும் இதையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். இரண்டிலுமே ஆட்டத்தின் முடிவு மிகக் குறைந்த பணம் உள்ளவரிடம் இருக்கிறது. ஒன்று அவர் உயரும்வரை காத்திருக்கிறது. மற்றொன்று அவரை முதலில் வெளியேற்றுகிறது. இடையில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு.

பாடியவர் பெயர் தெரியாதபோது பாடலின் சொல்லையே பெயராக்கிச் செம்புலப்பெயனீரார் என்று வழங்கிய மரபு நம்முடையது. மேகிக்கு அந்த வழியும் வாய்க்கவில்லை. அவர் எதை எதிர்த்தாரோ அச்சொல்லே ஆட்டத்தின் பெயராக நிலைத்துவிட்டது. அடுத்த முறை அட்டையை விரிக்கும்போது, யாரும் வாங்காத மனையை ஒரு தடவையேனும் ஏலம் விட்டுப் பாருங்கள். அச்சிட்ட விலை எவ்வளவு விரைவில் பொருளற்றதாகிறது என்பது தெரியும்.